பல்லாகப் போன இதயம்: குரோஷாவில் சின்ன பொம்மை இதயம் பின்னும் விதம்

நான் முதன்முதலில் பின்னிய இதயம் வெள்ளை நிறம். அன்றைக்குக் கையில் மிச்சம் இருந்த நூல் அதுதான். பின்னி, பஞ்சு அடைத்து, முடிச்சுப் போட்டு, பெருமையாக மேஜைமேல் வைத்தேன். அக்கா மகள் வந்து எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சித்தி, இது கடைவாய்ப் பல்லா?” என்று கேட்டாள்.

அப்புறம்தான் நானும் சரியாகப் பார்த்தேன். பல்லேதான். மேலே இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம், கீழே நீளமாக இறங்கும் உடம்பு. நிறம் வேறு பொருந்திப் போயிருந்தது.

அன்றிலிருந்து நிறையப் பின்னியாகிவிட்டது. பின்னப் பின்னப் புரிந்த விஷயம் ஒன்றுண்டு. மேடுகளை யார் வேண்டுமானாலும் சரியாகப் போட்டுவிடலாம். இரண்டு மேட்டையும் ஒட்டுகிற அந்த ஒரு சுற்றிலும், அதற்கப்புறம் எத்தனை சுற்று சும்மா போகிறீர்கள் என்பதிலும்தான் இதயம் இதயமாவதும் பல்லாவதும் இருக்கிறது. அதனால் மற்றதை வேகமாகச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

நூலும் ஊசியும்

நடுத்தரத் தடிமனுள்ள பருத்தி நூல், 2.5 மி.மீ. குரோஷா ஊசி (முனை வளைந்தது; கீழே கொக்கி என்று சொல்வது இதைத்தான்). இந்த ஜோடியில் என் கைக்கு ஏறத்தாழ 6 செ.மீ. அகலமுள்ள இதயம் வருகிறது. நூல் உருண்டையின் லேபிளில் 3.5 அல்லது 4 மி.மீ. ஊசி என்று போட்டிருக்கும். அதை நம்ப வேண்டாம். அந்த அளவு சட்டைக்கும் சால்வைக்கும் சரி. உள்ளே பஞ்சு அடைக்கிற பொம்மைக்குத் துணி நெருக்கமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பஞ்சு எட்டிப் பார்க்கும். லேபிள் சொல்வதைவிட ஒன்றிரண்டு அளவு சின்ன ஊசியாக எடுங்கள். உல்லன் நூலிலும் பின்னலாம். ஆனால் ரோமம் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை முதல் முயற்சிக்குத் தொடாதீர்கள், எந்த ஸ்டிச் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அடர் நிறங்களும் அப்படித்தான். இதயம் என்றால் சிவப்பு என்று எல்லோருக்கும் ஆசை இருக்கும். இருந்தாலும் முதலாவதை இளஞ்சிவப்பிலோ இள மஞ்சளிலோ பின்னிக் கை பழகிக்கொள்ளுங்கள். சிவப்பு நூல் சாயம் போகுமா என்று ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்ப்பதும் நல்லது.

கூடவே வேண்டியவை: காது பெரிய, முனை மழுங்கிய தையல் ஊசி ஒன்று, கத்தரி, பாலியஸ்டர் ஃபைபர் பஞ்சு, இரண்டு ஸ்டிச் மார்க்கர் (ஒரு ஸ்டிச்சில் அடையாளத்துக்கு மாட்டி வைப்பது). மார்க்கருக்குப் பதில் வேறு நிற நூல் துண்டு போதும். பஞ்சு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. சாதாரணப் பருத்திப் பஞ்சை அடைத்தால் ஒரு தடவை துவைத்ததும் உள்ளே கட்டி கட்டியாகிவிடும். பாலியஸ்டர் பஞ்சு காய்ந்ததும் பழையபடி உப்பிக்கொள்ளும்.

கைக்குழந்தைக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் பொத்தான், மணி, பிளாஸ்டிக் கண் எதையும் ஒட்ட வேண்டாம். வாய்க்குப் போகும்.

பெயர்க் குழப்பம் ஒன்று

இந்த இதயம் முழுக்க ஒரே வகை ஸ்டிச்தான்: சிங்கிள் குரோஷா. கண்ணிக்குள் கொக்கியை விட்டு நூலை இழுத்தால் கொக்கியில் இரண்டு கண்ணி நிற்கும். மறுபடி நூலைப் பிடித்து இரண்டின் வழியாகவும் ஒரே இழுப்பு. அவ்வளவுதான்.

இது அமெரிக்கப் பெயர். பிரிட்டிஷ் முறையில் இதே ஸ்டிச்சுக்கு டபுள் குரோஷா என்று பெயர். இது தெரியாமல், பிரிட்டிஷ் முறையில் எழுதிய ஒரு பேட்டர்னை, அதாவது பின்னல் குறிப்பைப் பார்த்து, டபுள் என்றால் நமக்குத் தெரிந்த அந்த உயரமான ஸ்டிச்தானே என்று போட்டுக்கொண்டே போனேன். வந்தது இதயமல்ல, சல்லடை. அடைத்த பஞ்சு எல்லா ஓட்டையிலும் வெளியே வந்தது. எங்கே பேட்டர்ன் எடுத்தாலும் முதலில் எந்த நாட்டுப் பெயர் என்று பாருங்கள். சிங்கிள் என்ற சொல் அதில் எங்காவது இருந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் என்ற பேச்சே வழக்கமாக வராது.

இப்படி உருட்டிப் பின்னிப் பஞ்சடைக்கும் பொம்மைகளுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் அமிகுருமி. ‘அமி’ என்றால் பின்னல், ‘நுயிகுருமி’ என்றால் பஞ்சடைத்த பொம்மை. இரண்டையும் சேர்த்து ஒட்டிய சொல். பேட்டர்ன் தேடும்போது இந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் நிறையக் கிடைக்கும்.

மேடு இரண்டு

மேஜிக் ரிங்கில் தொடங்குகிறோம். நூலின் நுனியை ஒரு 15 செ.மீ. தொங்க விட்டு, இடது கையின் இரண்டு விரலைச் சுற்றி, மேலே பெருக்கல் குறி மாதிரி குறுக்கே விழும்படி சுற்றுங்கள். முதல் இழைக்கு அடியில் கொக்கியை நுழைத்து, இரண்டாவது இழையைப் பிடித்து, அடி வழியாக இழுத்து ஒரு திருப்பு. கொக்கியில் ஒரு கண்ணி நிற்கும். ஒரு சங்கிலி போட்டு, அதாவது நூலைப் பிடித்து அந்தக் கண்ணி வழியாக இழுத்து, அதை நிறுத்துங்கள். இப்போது விரலிலிருந்து கழற்றிவிட்டு, வளையத்துக்குள்ளேயே 6 சிங்கிள் போடுங்கள். வளைய நூல், தொங்கும் வால் இரண்டையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு ஸ்டிச் விழ வேண்டும். வாலைப் பிடித்து இழுத்தால் வளையம் சுருங்கி ஓட்டை மூடிக்கொள்ளும்.

இது வசப்படவில்லையா, கவலை வேண்டாம். 2 சங்கிலி போட்டு, கொக்கியிலிருந்து இரண்டாவது சங்கிலிக்குள் 6 சிங்கிள் போடுங்கள். நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை நிற்கும். அதை வாலால் தைத்துவிடலாம்.

சுற்று 1: வளையத்தில் 6.
சுற்று 2: ஒவ்வொரு ஸ்டிச்சிலும் இரண்டு. மொத்தம் 12.
சுற்று 3: ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, இதையே 6 தடவை. மொத்தம் 18.
சுற்று 4, 5: கூட்டாமல் குறைக்காமல் 18, 18.

ஸ்லிப் ஸ்டிச் (சுற்றின் கடைசியை முதலோடு இணைக்கும் தட்டையான ஸ்டிச்) போட்டு எந்தச் சுற்றையும் மூடாதீர்கள். நத்தைக்கூடு மாதிரி சுழன்று சுழன்று போகட்டும். அதனால்தான் மார்க்கர் வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு சுற்றின் முதல் ஸ்டிச்சிலும் அதை மாட்டி, அடுத்த சுற்றில் அங்கே வந்ததும் கழற்றிப் புது ஸ்டிச்சில் மாட்டுங்கள். எண்ணும்போது கொக்கியில் தொங்கும் கண்ணியைச் சேர்க்கக் கூடாது. நடுவில் யாராவது கூப்பிட்டால் நான் பதில் சொல்வதில்லை, “பதினொன்று!” என்று உரக்கக் கத்துவேன். வீட்டில் பழகிவிட்டார்கள்.

மூன்றாவது சுற்று முடிந்ததும் வட்டம் குட்டிக் கிண்ணமாக மடங்கும். அது தப்பான பக்கம் மடங்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். நல்ல பக்கத்தில் ஸ்டிச்சுகள் வரிசையாக வி எழுத்துகள் போல் தெரியும். உள்பக்கத்தில் குறுக்குக் கோடுகள் தெரியும். வலது கைக்காரர்களுக்கு நல்ல பக்கம் வெளியே இருந்தால், வேலை உங்களுக்கு அருகிலுள்ள விளிம்பில் நடக்கும். எதிர் விளிம்பில் கை நீட்டிப் பின்னுகிறீர்கள் என்றால் கிண்ணம் உள்வெளியாகக் கிடக்கிறது. கட்டை விரலால் ஒரு தள்ளு, சரியாகிவிடும். இடது கைக்காரர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை மாறாது.

முதல் மேடு முடிந்ததும் 20 செ.மீ. வால் விட்டு நூலை வெட்டி, கடைசிக் கண்ணி வழியாக இழுத்துவிடுங்கள். மார்க்கரைக் கழற்ற வேண்டாம், ஐந்தாம் சுற்றின் முதல் ஸ்டிச்சிலேயே இருக்கட்டும். இரண்டாவது மேட்டையும் அப்படியே போடுங்கள். இதில் நூலை வெட்டக் கூடாது, மார்க்கரையும் கழற்றக் கூடாது.

ஒட்டுகிற சுற்று

இனிமேல்தான் விஷயமே.

கொக்கியில் நிற்பது இரண்டாவது மேட்டின் கண்ணி. முதல் மேட்டை அதன் பக்கத்தில் தோளோடு தோள் உரசுகிற மாதிரி பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வாய் உங்களைப் பார்த்து மேலே, நல்ல பக்கம் வெளியே. நடுவில் சங்கிலி எதுவும் வேண்டாம். நேராக முதல் மேட்டில் மார்க்கர் மாட்டிய ஸ்டிச்சுக்குள் கொக்கியை விட்டு ஒரு சிங்கிள் போடுங்கள். மார்க்கரைக் கழற்றி, இப்போது போட்ட இந்தப் புது ஸ்டிச்சில் மாட்டிவிடுங்கள். இதயத்தின் சுற்றுகள் இனி இங்கேதான் ஆரம்பிக்கும்.

அங்கிருந்து முதல் மேட்டைச் சுற்றி 18 வரை போங்கள். பதினெட்டாவதுதான் ஏமாற்றுக்காரன். நூலை வெட்டி இழுத்த இடத்துக்கு அடியில் இறுகி ஒளிந்துகொண்டிருக்கும். பல தடவை அதைக் கவனிக்காமல் 17-இலேயே தாண்டியிருக்கிறேன். அதன் விளைவு உடனே தெரியாது. நாலைந்து சுற்று கழித்து இதயத்தின் ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கி நிற்கும்போது தெரியும். அந்தக் கடைசி ஸ்டிச்சைக் கண்டுபிடிக்க வாலை லேசாக ஆட்டுங்கள். வி வடிவம் அசைந்து காட்டிக்கொடுக்கும்.

18 ஆனதும் இரண்டாவது மேட்டுக்குத் தாவல். அங்கே மார்க்கர் மாட்டிய ஸ்டிச்தான் அடுத்தது. இதற்காகத்தான் அதைக் கழற்றாமல் வைத்தோம். அது இல்லாவிட்டால் இரண்டு மேட்டுக்கும் நடுவில் இழுபட்டு நிற்கும் நூலையே ஒரு ஸ்டிச் என்று நினைத்து அதற்குள் கொக்கியை விடத் தோன்றும், 37 ஆகிவிடும். மார்க்கரைக் கழற்றிவிட்டு இந்தப் பக்கமும் 18. ஆறாவது சுற்று முடிந்தது; மொத்தம் 36. இங்கே மட்டும் இரண்டு தடவை எண்ணுங்கள். தப்பு இருந்தால் பிரித்துவிடுங்கள், பின்னால் சரிக்கட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

சுற்று 7: மறுபடி 36. இது ஒன்றே ஒன்றுதான். என்னுடைய பல் பிறந்தது இங்கேதான்: கை ஓட்டத்தில் 36-லேயே ஐந்து சுற்று போய்விட்டேன்.

மேடுகள் சேரும் இடத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். எல்லோருக்கும் இருக்கும், உங்கள் தப்பல்ல. ஏழாவது சுற்று முடிந்ததும், உள்ளே கிடக்கும் 20 செ.மீ. வாலைத் தையல் ஊசியில் கோத்து, உள்பக்கமிருந்தே அந்த இடத்தில் மூன்று நான்கு தையல் போட்டு மூடுங்கள். பஞ்சு அடைத்த பிறகு உள்ளே கை போகாது. மேஜிக் ரிங் வால்களையும் இப்போதே கவனித்துவிடலாம். வளையத்தைச் சுற்றி இன்னொரு தடவை ஓட்டி முடிச்சுப் போட்டால் பிறகு வளையம் தளராது.

குறைத்துக்கொண்டே இறங்குவது

இரண்டு ஸ்டிச்சை ஒன்றாக்கும் வேலை இது. பழைய முறையில் இரண்டிலும் நூலை இழுத்து மூன்று கண்ணியை ஒன்றாக முடிப்பார்கள். பொம்மையில் அது மரு மாதிரி புடைத்துத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத குறைப்பு என்று ஒன்று இருக்கிறது, அதைப் பழகுங்கள். ஒவ்வொரு ஸ்டிச்சின் தலையிலும் இரண்டு இழை இருக்குமல்லவா, முன் இழை, பின் இழை? முதல் ஸ்டிச்சின் முன் இழைக்கு அடியில் மட்டும் கொக்கியை விடுங்கள். நூலை இழுக்காமல் அப்படியே அடுத்த ஸ்டிச்சின் முன் இழைக்கும் அடியில் விடுங்கள். கொக்கியில் மூன்று கண்ணி. நூலைப் பிடித்து முன்னால் உள்ள இரண்டு இழை வழியாக இழுங்கள். மீதி இரண்டு கண்ணி. இன்னொரு இழுப்பில் முடிந்தது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய்ப் படுத்துக்கொள்ளும், எங்கே குறைத்தோம் என்று நாமே தேட வேண்டியிருக்கும்.

சுற்று 8: 4 சிங்கிள், ஒரு குறைப்பு, 6 தடவை. மொத்தம் 30.
சுற்று 9: 30.
சுற்று 10: 1 சிங்கிள், ஒரு குறைப்பு, பிறகு 3 சிங்கிள், ஒரு குறைப்பு என்று 5 தடவை, கடைசியில் 2 சிங்கிள். மொத்தம் 24.
சுற்று 11: 24.
சுற்று 12: 2 சிங்கிள், ஒரு குறைப்பு, 6 தடவை. மொத்தம் 18.

பத்தாவது சுற்றை ஏன் இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன் என்றால், குறைப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தால் பென்சில் மாதிரி ஆறு பட்டை தெரிய ஆரம்பிக்கும். கொஞ்சம் தள்ளிப் போட்டால் உருண்டையாக இறங்கும்.

பதினொன்றாவது சுற்றிலேயே பஞ்சை ஆரம்பித்துவிடுங்கள். ஒரு கைப்பிடியை அப்படியே திணிக்கக் கூடாது. பிய்த்துப் பிய்த்து, முதலில் இரண்டு மேட்டுக்கும் சமமாகக் கொடுத்து, பென்சிலின் மழுங்கிய முனையால் ஓரங்களுக்குத் தள்ளுங்கள். நடுப் பள்ளத்தில் பஞ்சு வேண்டாம். அங்கே அடைத்தால் பள்ளம் மேடாகி எல்லாம் ஒரே உருண்டையாகிவிடும். அமுக்கினால் மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். ஸ்டிச்சுகள் வாய் பிளந்து வெள்ளை தெரிந்தால் அடைத்தது அதிகம்.

சுற்று 13: 1 சிங்கிள், ஒரு குறைப்பு, 6 தடவை. மொத்தம் 12. இன்னும் கொஞ்சம் பஞ்சு, முனை வரை.
சுற்று 14: 2 சிங்கிள், ஒரு குறைப்பு, 3 தடவை. மொத்தம் 9.
சுற்று 15: 1 சிங்கிள், ஒரு குறைப்பு, 3 தடவை. மொத்தம் 6.

12-லிருந்து நேராக 6-க்குக் குதிக்கலாம்தான். ஆனால் முனை மொட்டையாக நிற்கும். நடுவில் ஒரு 9 போட்டால் கூராக வருகிறது. ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்: ஒரு இதயத்துக்கு மொத்தம் 369 ஸ்டிச். பழகிய கைக்கு ஒரே உட்காரலில் முடிகிற வேலை.

கை பழகிய பிறகு இன்னொரு வழியையும் முயலலாம். குறைப்பைச் சுற்றிலும் பரப்பாமல் இரண்டு பக்கவாட்டில் மட்டும் வைப்பது. எட்டாவது சுற்றில் 7 சிங்கிள், இரண்டு குறைப்பு, 14 சிங்கிள், இரண்டு குறைப்பு, 7 சிங்கிள், மொத்தம் 32. அடுத்ததில் 6, 12, 6 என்று சிங்கிள்கள் இறங்கி 28. அப்படியே 5, 10, 5 என்று சுற்றுக்கு நாலு நாலாகக் குறைந்து 8 வரை போய், கடைசியில் நாலு குறைப்பு. இதில் இதயம் தட்டையாக, சீட்டுக்கட்டில் வருவது போலத் தெளிவாக இருக்கும். ஒரு தொல்லை உண்டு. சுழன்று போகிற பின்னலில் ஸ்டிச்சுகள் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சாயும், அதனால் குறைப்பு வரிசையும் நகர்ந்து, முனை பிழிந்த துணி மாதிரி திரும்பிக்கொள்ளலாம். கொக்கிக்கு மேலே நூலைச் சுற்றாமல், கொக்கியால் நூலை மேலிருந்து அமுக்கிப் பிடித்து இழுத்தால் ஸ்டிச் பெருக்கல் குறி போல விழும், சாய்வும் குறையும். நான் இப்போது பொம்மைகளை அப்படித்தான் பின்னுகிறேன். பரப்பிக் குறைக்கும் வழியில் இந்தக் கவலை இல்லை, அதனால்தான் முதலாவதுக்கு அதைச் சொன்னேன்.

முடிப்பது

30 செ.மீ. வால் விட்டு வெட்டுங்கள். தையல் ஊசியில் கோத்து, மிச்சமுள்ள 6 ஸ்டிச்சின் முன் இழைகள் வழியாக மட்டும், வெளியிலிருந்து உள்ளே என்று வரிசையாக ஓட்டி இழுத்தால் முனை மூடிக்கொள்ளும். ஊசியை மூடிய முனையின் நடுவில் குத்தி, உடம்பு வழியாக நேராக மேலே, இரண்டு மேட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் வெளியே எடுங்கள். அங்கே ஒரு ஸ்டிச் தள்ளி மறுபடி குத்தி, முனைக்கே திரும்பி வந்து மெல்ல இழுங்கள். பள்ளம் கண்ணெதிரே உள்வாங்கும். அதுவரை ஏதோ ஒரு உருண்டையாக இருந்தது அந்த இழுப்பில்தான் இதயமாகும். ரொம்ப இழுத்தால் முனையும் உள்ளே போய்விடும். போதும் என்று தோன்றிய இடத்தில் சின்ன முடிச்சு.

சாவிக்கொத்தில் மாட்டுவதாக இருந்தால் 20 சங்கிலி போட்டு, மடித்து, அதன் வால்களைப் பள்ளத்தில் குத்திக் கீழே கொண்டுவந்து முடிச்சுப் போடுங்கள்.

மிச்ச வாலை ஒழிக்க, ஊசியை முடிச்சுக்குப் பக்கத்திலேயே குத்தி இதயத்தின் விலா வழியாக வெளியே எடுங்கள். நூலை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டே இதயத்தைக் கொஞ்சம் அமுக்கி, துணியோடு ஒட்டக் கத்தரியுங்கள். ஸ்டிச் மாட்டிவிடாமல் நூலை மட்டும். கையை எடுத்ததும் இதயம் உப்பும், நுனி உள்ளே போய் மறைந்துவிடும்.